எட்டாம் நம்பர்

பொழுது சாய்ந்து வாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.
காலையில் அளந்த கால்
சாயங்காலத்துக்குள் ஒரு நூல் வீங்கிவிடும்.
வனத்துறை ஜீப்பில் பதினோரு பேர் வந்தார்கள்.
வேட்டைத் தடுப்புக் காவலர்கள்,
பதினோரு பேரும் ரப்பர் செருப்பில்.
துறை கொடுத்த பூட்ஸ் எல்லாம் ஒரே அச்சு,
மூக்கு கூம்பியது.
கயிற்றில் கோத்து முகாமில் தொங்குகிறதாம்.
ஒன்றுக்குள் அணில் குட்டி போட்டிருக்கிறது.

சத்தியில், அத்தாணி ரோட்டில் என் கடை.
நூல்மில் காலண்டரைத் திருப்பிப் போட்டு
ஏறி நில்லுங்க என்றேன்,
ரெண்டு காலுக்கும் பாரம் ஒண்ணாக் குடுங்க.
பென்சிலை நட்டக்குத்தலாகப் பிடித்துச்
சுற்றி வரைந்தேன்.
ஜடையனுக்குக் குதிகால் சின்னது,
விரல் பக்கம் முறம்போல விரிகிறது.
எதற்குள்ளும் நெருக்கி வளராத விரல்கள்
ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன.
நீளத்துக்கு எட்டு.
அகலத்துக்கு நம்பரே கிடையாது.
இடது கொஞ்சம் பெரிசாத் தெரியுதே என்றார்.
பாதிப்பேருக்கு அப்படித்தானுங்க,
பெரிய காலுக்குத்தான் பூட்ஸ் வெட்டணும்.

எங்கே நடை என்று கேட்காமல்
தோலை எடுத்து விரிப்பதில்லை.
மாயாற்றுக் கரைக்காரர்
தண்ணி புகாததா வேணும் என்பார்.
உள்ளே விடாதது
வெளியேயும் விடாதுங்க என்று
விலாவில் இரண்டு துளை போட்டுக் கொடுப்பேன்.
பர்கூர் முள்ளுக்குத் தடித்த அடித்தோல் நல்லது,
ஆனால் காலடியில் கல் அசைவது
காலுக்குத் தெரியாமல் போகும்.
கடம்பூர் இறக்கம் என்றால்
விரலை முன்னே தள்ளி நிற்கச் சொல்லி
குதிகாலுக்குப் பின்னே என் விரலை விட்டுப் பார்ப்பேன்.
நுழையவில்லையா,
மலை இறங்குவதற்குள் பெருவிரல் நகம் கறுத்துவிடும்.

ஜடையன் இதில் எதையும் கேட்கவில்லை.
"சத்தம் வரக்கூடாதுங்கக்கா."

அதே வார்த்தை.
போன தையில் ஒருவர் வந்தார்.
கையில் ரொக்கம், பேர் சொல்லவில்லை,
எங்கே நடை என்றதற்கு
எல்லாப் பக்கமுந்தான் என்று சிரித்தார்.
இடது சுண்டுவிரல் பாதி இல்லை.
அந்த இடத்தில் பஞ்சு திணித்து,
நாக்கு மடியும் மூட்டில் மெழுகு தேய்த்து,
கடைக்குள் நாலு நடை நடக்கவிட்டுக்
கண்ணை மூடிக் கேட்டேன்.
பூனை மாதிரி இருந்தது.
எனக்கே பெருமையாக இருந்தது.

இன்றைக்கு ஜடையன் பூட்ஸ் வாங்க வந்தவர்
போனை நீட்டினார்.
மழைக்கு அப்புறம் எடுத்த படம்:
சேறு, சுருக்குக் கம்பி,
கம்பி அறுத்த கடமான் கால்,
அதற்குப் பக்கத்தில் ஒரு தடம்.
குதிகாலில் மூன்று வெட்டு.
வழுக்காமல் இருக்க நான் வெட்டுவது,
சாய்த்து, இடமிருந்து வலமாக.

"இது நம்ம வேலைங்களாக்கா?"

மாவு மில் சத்தம் நின்றிருந்தது.
ஆமாம் என்றேன்.
சுண்டுவிரல் பக்கம் மண் அமுங்கலை பாருங்க என்றேன்.
பேர் தெரியாது, ஊர் தெரியாது,
கால் தெரியும்.

கட்டிலிருந்து அந்தத் தாளை உருவிக் கொடுத்தேன்.
அவர் அதைத் தரையில் விரித்து
என்ன தோன்றியதோ,
செருப்பைக் கழற்றித் தன் காலை மேலே வைத்தார்.
பென்சில் கோடு முழுக்க மறைந்தது,
சுண்டுவிரல் பக்கம் மட்டும்
அவர் கால் வெளியே நின்றது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.
பிறகு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பூட்ஸை மாட்டி நாடா இறுக்கினேன்.
ஒரு வாரம் கடிக்குமுங்க,
முகாமுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்க,
ஈரமானா அடுப்போரம் வைக்காதீங்க.
தலையாட்டிவிட்டு வாசல்வரை நடந்தார்.
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
இடதில், மூன்றாம் அடிக்கு,
மெலிசாக ஒரு கிறீச்.

ஜடையா, நில்லுங்க.
கழட்டுங்க அதை.
மெழுகு டப்பா எங்கே வைத்தேன்.